ரத்தக்காட்டேரி படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?

கேள்வி: வாரம் ஒருமுறை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த வாரம் படத்தைத் தேர்ந்தெடுப்பது 14 வயது மகனின் முறை. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் நாயகனைப் பற்றிய ஓர் ஆக்‌ஷன் படத்தைக் கேட்கிறான். அவன் வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு ‘ஆர்’ சான்று தந்திருக்கிறார்கள். “எல்லாம் கிராபிக்ஸ்தானே, பிள்ளைகளுக்கு அது தெரியாதா?” என்கிறார் என் கணவர். எங்களுக்கு 8 வயதில் மகளும் இருக்கிறாள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அண்ணன் காட்டிய டிரெய்லரைப் பார்த்ததிலிருந்து மகள் தனியாகத் தூங்க மறுக்கிறாள். படத்தைப் போடலாமா, வேண்டாமா? மகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டால் போதுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் படம் உங்கள் வீட்டின் வாராந்திரப் படமாக இருக்கத் தகுந்ததல்ல. மகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் பார்ப்பதும் சரியான வழியல்ல. மகனுக்கு மட்டும், நீங்களோ உங்கள் கணவரோ முன்கூட்டியே முழுவதும் பார்த்துவிட்டு, வேறொரு நாள் பகலில் அவனுடன் அமர்ந்து பார்ப்பதைப் பரிசீலிக்கலாம். படத்தின் பெயரை இங்கே நான் வெளியிடவில்லை. நான் சொல்லப்போகிறவை இந்த வகைப் படங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதே காரணம்.

‘ஆர்’ சான்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 17 வயது நிரம்பாதவர்கள் பெற்றோருடனோ வயது வந்த பாதுகாவலருடனோ வந்தால்தான் திரையரங்கில் அனுமதி என்பதே அதன் பொருள். “பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பார்க்கலாம்” என்று அது யாருக்கும் பரிந்துரை செய்வதில்லை. முடிவெடுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பிரிட்டனில் ‘18’ சான்று பெற்ற படத்துக்கு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் 18 வயது நிரம்பாதவரைத் திரையரங்குக்குள் விடமாட்டார்கள். இந்தியாவின் ‘ஏ’ சான்றும் அப்படிப்பட்டதே. இதே வகையைச் சேர்ந்த, 1998-இல் வெளிவந்த ‘பிளேடு’ அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றும் பிரிட்டனில் ‘18’ சான்றும் பெற்றது. அதாவது, அதே படத்துக்கு உங்கள் மகன் வயதுப் பையன் ஒரு நாட்டில் தந்தையுடன் உள்ளே போயிருக்கலாம், இன்னொரு நாட்டில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பான். வீட்டில், ஓடிடியில், அந்த வாசலில் நிற்க யாரும் இல்லை. ஆகவே சான்று என்ன என்று பார்ப்பதோடு நிற்காமல், எதற்காக அந்தச் சான்று தரப்பட்டது என்று அதன் அருகில் ஓரிரு வரிகளில் போட்டிருக்கும் காரணக் குறிப்பையும் படியுங்கள். எழுத்தைவிட அந்த வரிகளில்தான் உங்களுக்குப் பயன்படும் செய்தி இருக்கும்.

ரத்தக்காட்டேரி என்ற விஷயமே குடும்பத்துக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை என்பதையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிராகுலாவையே பாசமுள்ள அப்பாவாக வைத்து 2012-இல் வந்த ‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’ சிறுவர்களுக்கான அனிமேஷன் படம். 2004-இல் வந்த ‘வான் ஹெல்சிங்’ அதே டிராகுலாவை வேட்டையாடும் ஆக்‌ஷன் படமாக இருந்தும் ‘ஆர்’ சான்றுக்கு ஒரு படி கீழான ‘பிஜி-13’ சான்றோடு நின்றுகொண்டது. எனவே “பேய்ப் படமா, சாதாரணப் படமா” என்ற பிரிவு உங்களுக்கு உதவாது. பெற்றோர் வழிகாட்டுதலைக் கோரும் ‘பிஜி’ சான்றுக்கு அதிகம், ‘ஆர்’ சான்றுக்குக் குறைவு என்று தோன்றிய படங்களுக்காகவே 1984-இல் ‘பிஜி-13’ என்ற நடுப்படி உருவாக்கப்பட்டது; பிரிட்டனில் 12A, 15 என்றும், இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்றும் படிகள் இருக்கின்றன. உங்கள் மகனின் வயது இவற்றின் நடுவே விழுகிறது. மகளின் வயதோ முதற்படியைத்தான் தாண்டியிருக்கிறது.

தணிக்கைக் குழுவினர் பெரும்பாலும் கவனிப்பது வன்முறை எவ்வளவு விரிவாக, எவ்வளவு அருகில், எவ்வளவு ரத்தத்துடன் காட்டப்படுகிறது என்பதையே. பிரிட்டனின் விதிமுறைகளின்படி 12A படத்தில் காயமும் ரத்தமும் முன்னிலைப்படுத்தப்படக் கூடாது; 15 படத்தில் வன்முறை கடுமையாக இருக்கலாம், ஆனால் வலியையும் காயத்தையும் நீட்டி நீட்டிக் காட்டக் கூடாது. கதை நடப்பது கற்பனை உலகம் என்றால் ஓரளவு தளர்வும் உண்டு. இவை நியாயமான அளவுகோல்கள்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளையும் இந்த ஒரே படம் வெவ்வேறு இடங்களில் தொடுகிறது. அந்த வேறுபாட்டை எந்தச் சான்றும் உங்களுக்குச் சொல்லாது.

மகளைப் பற்றி முதலில். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர், குழந்தைகள் திரையில் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடர். அதில் வரும் பச்சை மனிதன் நல்லவன். ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறவன். ஆனாலும் மிகச் சிறிய குழந்தைகள் அவனைக் கண்டு நடுங்கினார்கள், குறிப்பாகச் சாதாரண மனிதன் அவனாக உருமாறும் இடத்தில். பெரிய பிள்ளைகள் “இவன் அவன்தான், நல்லவன்தான்” என்று கதையைப் பிடித்துக்கொண்டார்கள். சிறியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஏழெட்டு வயதுவரை தோற்றமே அச்சத்தின் முதல் ஊற்று; அதற்குப் பிறகுதான் “இது நடக்கக்கூடியதா, எனக்கு நேருமா” என்ற கேள்வி மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வருகிறது. உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். அதாவது தோற்றமும் அவளை அச்சுறுத்தும், நடந்துவிடுமோ என்ற எண்ணமும் அச்சுறுத்தும்.

இந்த வகைப் படங்களில் முகம் மாறும் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கேமரா முகத்துக்கு மிக நெருக்கமாக வரும். பேச்சு சட்டென்று நின்றுவிடும். கண்ணின் நிறம் வெளுக்கும் அல்லது சிவக்கும். உதடு மேலே ஏறிப் பல் தெரியும். அதன் பிறகுதான் அந்த உறுமல். இரண்டு மூன்று விநாடிகள்கூட இருக்காது. அதற்குப் பின் வரும் பத்து நிமிடச் சண்டையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அந்த இரண்டு விநாடியை மறக்கமாட்டார்கள். அதைவிடக் கடினமானது, கடிபட்ட உறவினர் மாறிப்போவது: மனைவியாகவோ தாயாகவோ அண்ணனாகவோ சற்று முன்புவரை அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கையில் வேறொருவராக இருப்பது. எத்தனை தலைகள் விழுகின்றன என்பதைவிட, நம்பியிருந்த முகம் எதிரியாகிறதா என்பதையே எட்டு வயதுக் குழந்தைக்காக நான் முதலில் விசாரிப்பேன். இப்படியொரு காட்சி இல்லாத ரத்தக்காட்டேரி ஆக்‌ஷன் படம் அபூர்வம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கிராபிக்ஸ் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். உங்கள் மகளும் பகலில் கேட்டால் “அதெல்லாம் நிஜமில்லை” என்றுதான் சொல்வாள். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, பயப்படும் வேளையில் அந்த அறிவு துணைக்கு வருவது இன்னொன்று. “இது உண்மையல்ல” என்ற விளக்கம் பெரிய பிள்ளைகளுக்குத் தரும் ஆறுதலைச் சிறியவர்களுக்குத் தருவதில்லை என்பதும் கேன்டரின் ஆய்வுகளில் கண்டதே. சிறியவர்களுக்கு உதவுவது மடியும் அணைப்பும், கண்ணை மூடிக்கொள்ள அனுமதியும்தான். பெரியவர்கள்கூட எல்லாம் நடிப்பு என்று தெரிந்துகொண்டே திகில் காட்சியில் நாற்காலியிலிருந்து துள்ளுகிறார்கள் அல்லவா? உங்கள் கணவருக்குச் சில நிமிடங்களில் அடங்கிவிடும் படபடப்பு மகளுக்குப் பல இரவுகள் நீளலாம். டிரெய்லர் ஒன்றே அதைக் காட்டிவிட்டது.

அடுத்த அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். படத்தின் ஏதாவது ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். அலறல், எலும்பு முறியும் ஓசை, திடீர் மௌனம், அதன்பின் ஓர் இடி. இத்தகைய படங்களில் பயத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது ஒலிதான். சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேருவது அந்த ஒலி மட்டும். யார் அலறுகிறார்கள், பிழைத்தார்களா என்று சொல்லும் படம் அவளுக்குக் கிடைப்பதில்லை, மிச்சத்தை அவளே கற்பனை செய்துகொள்கிறாள். போதாக்குறைக்கு, குடும்பமே கூடியிருக்கும் நேரத்தில் அவள் மட்டும் வெளியேற்றப்பட்டிருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் வந்து எட்டிப் பார்ப்பாள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

மகனின் நிலை வேறு. பதினான்கு வயதுப் பையன் உருமாறும் முகத்தைக் கண்டு இரவெல்லாம் விழித்திருப்பது குறைவு. சிரிப்பான், “இதுக்கே பயந்துட்டீங்களா” என்று உங்களைக் கிண்டல் செய்வான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவன் விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது கொலை எவ்வளவு எளிதாகக் காட்டப்படுகிறது என்பதை.

காட்டேரி படங்களில் பழகிப்போன ஓர் உத்தி உண்டு: ஆயுதம் பட்டதும் எதிரியின் உடல் சாம்பலாகி உதிர்ந்துவிடும். பிணம் இல்லை, காயம் இல்லை, அழ ஒருவரும் இல்லை. ரத்தம் குறைவதால் கடுமை குறைந்ததாகப் பெற்றோருக்கும் தோன்றும், சான்றும் சிலவேளை ஒரு படி இறங்கும். ஆனால் 1990-களில் அமெரிக்கத் தொலைக்காட்சி வன்முறையைப் பற்றி நடந்த பெரிய தேசிய ஆய்வு, வன்முறையைக் கற்றுக்கொள்ளும் அபாயத்தை அதிகரிப்பவை என்று சுட்டிய அம்சங்களைப் பாருங்கள்: செய்பவன் கவர்ச்சியான நாயகன், செயலுக்கு நியாயம் இருக்கிறது, தண்டனை இல்லை, வலி காட்டப்படுவதில்லை, கூடவே நகைச்சுவை. காட்டேரி வேட்டைக்காரனின் குணச்சித்திரமே இதுதான்; கறுப்புக் கோட்டு, கூலிங் கிளாஸ், ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் ஒரு பஞ்ச் வசனம். ஒரு படம் பார்த்துவிட்டு உங்கள் மகன் முரடனாகிவிடுவான் என்று நான் அஞ்சவில்லை. ஒற்றைப் படத்துக்கு அத்தனை வலிமை இருப்பதாக நான் நம்பவும் இல்லை. ரத்தம் குறைவு என்பதற்காக அவனுக்குப் பேச்சே தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

மறுத்துவிடுவது எளிது. ஆனால் வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்ட படத்தை அவனும் எங்காவது பார்ப்பான். பெரும்பாலும் நள்ளிரவில், போர்வைக்குள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அதைவிட உங்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவோ மேல். முடிந்ததும் பாடம் நடத்தாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “யார் செத்தபோது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லை?” அதற்கு அவன் யோசித்துச் சொல்லும் பதிலிலிருந்து பேச்சு தானாக வளரும்; வளராவிட்டாலும் பரவாயில்லை.

அதற்கு முன், நீங்கள் முன்கூட்டியே பார்க்கும்போது முதல் 15 நிமிடங்களையும் கடைசி 20 நிமிடங்களையும் கூர்ந்து பாருங்கள். இந்த வகைப் படங்கள் தம் கைவரிசையை முதலில் ஒருமுறை காட்டிவிட்டு, மிச்சத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். நடுவில் வரும் இரவு விடுதிக் காட்சிகளில் வெட்டி வெட்டி மின்னும் ஒளி இருந்தால், வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் எவராவது இருக்கிறாரா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அடுத்து, கடிக்கும் காட்சிகளில் கடிபடுபவர் யார் என்று கவனியுங்கள். ரத்தக்காட்டேரி கதைகளில் கடிப்பதும் காமமும் காலங்காலமாகவே பின்னிப் பிணைந்தவை. அரைகுறை ஆடையில் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்து, அவள் வலி இன்பம்போலக் காட்டப்படுமானால், பதினான்கு வயதுப் பையனிடம் அதைப் பற்றிப் பேச நீங்கள் தயாரா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தயாரில்லை என்றால் அவனுக்கும் இப்போது வேண்டாம். ‘ஆர்’ சான்றுப் படம் என்பதால் அப்படி முடிவெடுக்க வேண்டியும் வரலாம். மகன் கோபித்துக்கொள்வானே என்பதற்காக அந்த முடிவை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவரும் பார்வையாளர்தான். குடும்பத்தோடு பார்க்கலாமா என்று நாம் கேட்கும்போது குழந்தைக்குக் கெடுதியா என்பதோடு, பெரியவர்கள் முன்னால் சங்கடமாக இருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு. ஒரு முத்தக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடுகிற கை, ஒருவனின் தலை துண்டாகும்போது அசையாமல் இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை அது வியப்புதான். மாமியாருக்காக எதைத் தவிர்ப்பது என்பதை நீங்களாக ஊகிக்காமல் அவரிடமே கேட்டுவிடுங்கள். சில பாட்டிகள் பேரனைவிடத் திகில் படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த வாரத்துக்கு என்ன செய்வது? மகனின் முறையைப் பறிக்காதீர்கள். “உன் தங்கையால்தான் பார்க்க முடியவில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; படம் போன கோபம் முழுவதும் அவள்மேல் இறங்கும். எல்லோரும் சேர்ந்து பார்க்கும் படம் வீட்டில் மிகச் சிறியவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வையுங்கள். அந்த விதிக்கு உங்கள் கணவரும் கட்டுப்பட வேண்டும், அவர் விரும்பும் போலீஸ் படங்களுக்கும் அது பொருந்த வேண்டும். மகனுக்கு இரண்டு வாய்ப்புகளைக் கொடுங்கள்: குடும்ப நாளுக்கு அவனே வேறொரு படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அவன் கேட்ட படத்தைப் பற்றி, நீங்கள் பார்த்து முடித்த பின், இன்ன நாளில் பதில் சொல்கிறேன் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுத்தடித்தால் அவன் போர்வைக்குள் போய்விடுவான். ஓடிடி கணக்கில் மகளுக்குத் தனிப் பக்கம் ஒன்றை அமைத்து, பெரியவர்களின் பக்கத்துக்குக் கடவு எண் போட்டுவிடுங்கள். திறந்தவுடன் தானாக ஓடும் முன்னோட்டங்களிலிருந்தும் அது ஓரளவு காக்கும்.

இனி அவளுடைய தூக்கம். முதலில் அண்ணனைத் திட்டுவதை நிறுத்துங்கள். டிரெய்லரைக் காட்டியது தவறென்று அவனுக்கு இதற்குள் புரிந்திருக்கும். “இவ்வளவு பெரிய பெண் பயப்படலாமா” என்ற பேச்சும் வேண்டாம். இரவு வேளையில் விளக்கம் சொல்லிப் பயனில்லை. சில நாட்களுக்கு அவள் தூங்கும்வரை கட்டிலின் அருகில் அமர்ந்திருங்கள், பிறகு நாற்காலியை வாசற்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். சிறிய இரவு விளக்கு இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில் அவளோடு சேர்ந்து ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. ஒவ்வோர் இரவும் டார்ச் அடித்துத் தேடினால், தேட வேண்டிய ஏதோ ஒன்று உண்மையிலேயே இருப்பதாக அவள் முடிவு செய்துகொள்வாள். பேச வேண்டியதைப் பகலில் பேசுங்கள். எந்த இடத்தில் பயம் வந்தது என்று கேட்டு, அவளுக்கு விருப்பமிருந்தால் அதை வரையச் சொல்லுங்கள். ஒப்பனைக் கலைஞர் அந்தப் பல்லைப் பொருத்துவதைக் காட்டும் படங்கள் எட்டு வயதில் சிலருக்கு நன்றாக உதவும். ஆனால் சாதாரண முகத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் காட்டுங்கள், முடிவான கோர முகத்தை முதலில் காட்டாதீர்கள், அவள் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் இது தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தணியவில்லை என்றாலோ, பகலிலும் தனியாக ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக மறுத்தாலோ, பள்ளிக்குப் போக வயிற்றுவலி சொல்லத் தொடங்கினாலோ, குழந்தைகளுக்கான உளவியலாளர் ஒருவரை நேரில் பாருங்கள். அப்போது டிரெய்லர் விஷயத்தை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அற்பமான காரணம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.